கை மறந்த வித்தை

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி இந்தியாவில் மூன்று ஒருநாள் ஆட்டங்களில் ஆடியது. 17-ஆம் தேதி மும்பை, 19-ஆம் தேதி விசாகப்பட்டினம், 22-ஆம் தேதி சென்னை. மூன்று ஆட்டங்களிலும் சூர்யகுமார் யாதவ் தாம் சந்தித்த முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். மூன்று பந்துகள், மூன்று சுழியங்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் இருபது ஓவர் ஆட்டங்களில் இந்தியாவுக்காக 1164 ரன்கள் குவித்து, அவ்வகை ஆட்டத்தின் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு உயர்ந்திருந்தார்.

மற்ற ஊர்களுக்கு இது விளையாட்டுச் செய்தி. மும்பை அணுசக்தி நகருக்கோ வீட்டுச் செய்தி. செம்பூரைக் கடந்து டிராம்பே குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் அந்தக் குடியிருப்பு, பாபா அணு ஆராய்ச்சி மையம் முதலிய அணுசக்தித் துறை நிறுவனங்களில் பணிபுரிவோருக்காக அமைந்தது. சூர்யகுமாரின் தந்தை அம்மையத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். மகன் அங்குள்ள அணுசக்தி மத்தியப் பள்ளியில் படித்தார். காலனியில் நடைபெற்ற பயிற்சி முகாமில் கிரிக்கெட் பயின்றார். 2010-இல் மும்பை அணிக்காக முதல்தர ஆட்டத்தில் களமிறங்கிய அவருக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது 2021-இல், முப்பது வயதில். சர்வதேச ஆட்டத்தில் தாம் சந்தித்த முதல் பந்தை அவர் சிக்ஸருக்கு அனுப்பினார். அத்தகைய கைகளுக்கு இரண்டே ஆண்டுகளில் முதல் பந்தே எமனாக வந்தது எப்படி?

இத்தகைய கேள்விக்கு நம்மிடம் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, தலைக்கனம். மற்றொன்று, கண்ணேறு. முதல் விடை வீழ்ந்தவனைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது விடை பார்த்தவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறது. படித்தவர்கள் இரண்டாவதைக் கேட்டுப் புன்னகை செய்கிறார்கள். முதலாவதை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். நீதிக்கதைகளில் ஊறிய மனத்துக்கு அது அவ்வளவு இனிக்கிறது. ஆனால், உண்மையான சில வாழ்க்கைகளின் அருகில் கொண்டுபோய் வைக்கும்போது அந்த விடை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டு வயதும் பன்னிரண்டு விக்கெட்டுகளும்

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்தவர். மணிக்கட்டைத் திருப்பிச் சுழற்றும் லெக் ஸ்பின் பந்துவீச்சு அவருடைய வித்தை. எல்லாப் பந்துவீச்சுக் கலைகளிலும் கைவரக் கடினமானது அது. தமிழ்நாட்டு அணிக்காக ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே டில்லிக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகள் எடுத்தார். 1983 ஏப்ரலில், பதினேழு வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஆன்டிகுவாவில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அதில் ஒரு விக்கெட்டும் விழவில்லை.

1984 நவம்பர் 28-ஆம் தேதி வான்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது. பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் பிரிட்டிஷ் துணைத் தூதர் பம்பாயில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அச்சமும் காவலும் சூழ்ந்த அந்த மைதானத்தில் பதினெட்டு வயது இளைஞர் முதல் இன்னிங்ஸில் 64 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 117 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து டில்லியில், முதல் இன்னிங்ஸில் மீண்டும் 6 விக்கெட்டுகள். தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் ஆறாறு விக்கெட்டுகள் என்பது முதிர்ந்த பந்துவீச்சாளர்களுக்கே அரிது.

பிறகு நிகழ்ந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏனெனில் அது சுருக்கமாகவே நிகழ்ந்தது. 1985 ஜனவரியில் அவருடைய சொந்த ஊரிலேயே, சேப்பாக்கத்தில், ஃபௌலரும் கேட்டிங்கும் ஆளுக்கோர் இரட்டைச் சதம் அடித்தனர். எதிராளிகள் அவரைப் படித்துவிட்டார்கள். மார்ச்சில் மெல்போர்ன் நகரில் பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மியாந்தாதை ஏமாற்றி, கிரீஸை விட்டு வெளியே இழுத்து, ஸ்டம்பிங் முறையில் வீழ்த்திய பந்து இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 1986 ஜனவரியில் சிட்னியில் அவர் ஆடிய டெஸ்ட்தான் அவருடைய கடைசி டெஸ்டாக அமைந்தது. அது தொடங்கியபோது அவருக்கு இருபது வயது நிறைந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. மொத்தம் 9 டெஸ்ட்கள், 26 விக்கெட்டுகள். அவற்றுள் 18 அந்த மூன்று இன்னிங்ஸ்களில் வந்தவை. பந்து விழ வேண்டிய இடத்தில் விழ மறுத்துவிட்டது.

சிறு வயதில் வந்த புகழ் அவரைக் கெடுத்துவிட்டது என்று பலரும் பல ஆண்டுகள் பேசினார்கள். 2021-ஆம் ஆண்டில் சிவராமகிருஷ்ணன் தாமே வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். தோலின் நிறத்தை முன்னிட்டு, அதுவும் சொந்த நாட்டிலேயே, தாம் வாழ்நாள் முழுவதும் இழிவுபடுத்தப்பட்டதாக அவர் கூறினார். அவருடைய பந்துவீச்சின் சரிவுக்கு அதுதான் காரணம் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆயினும், தலைக்கனம் என்ற ஒரே சொல்லால் ஓர் இளைஞனின் கதையை முடித்தவர்கள் அவன் தலைமேல் இருந்த வேறு கனங்களைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

காரணம் கிடைக்காத ஒரு வீழ்ச்சி

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இதே விந்தைக்கு ஒரு பெயரே உண்டு. அங்கே பந்தெறிபவர், மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைச் சதுரத்துக்குள் பந்தைச் செலுத்த வேண்டும். நான்கு பந்துகள் அதற்கு வெளியே போய், அவற்றை மட்டையாளர் அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் சிரமமின்றி முதல் தளத்துக்கு நடந்து சென்றுவிடலாம். பந்தெறிபவருக்கு அது ஓர் அவமானம்.

பிட்ஸ்பர்க் அணியின் ஸ்டீவ் பிளாஸ் 1971-ஆம் ஆண்டு இறுதித் தொடரில் இரண்டு ஆட்டங்களை முழுவதும் தாமே வீசி வென்று கொடுத்தார். வெற்றியை முடிவுசெய்த ஏழாவது ஆட்டம் அவற்றுள் ஒன்று. 1972-இல் 19 வெற்றிகள். அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.49. அடுத்த ஆண்டு அது 9.85. 89 இன்னிங்ஸ்கூட நிறையாத அந்தப் பருவத்தில் 84 பேரைச் சும்மா நடக்கவிட்டார். 1974-இல் உயர்நிலைப் போட்டியில் ஒரே ஓர் ஆட்டம், 1975-இல் ஓய்வு.

தோளில் காயமில்லை. மருத்துவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவருடைய அணித்தோழர் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே விமான விபத்தில் இறந்தார். அந்தத் துயரம்தான் காரணம் என்றார்கள் சிலர். பிளாஸ் அதை ஏற்கவில்லை. கண் பரிசோதனை, உளவியல் சிகிச்சை, தியானம் எனப் பலவற்றையும் முயன்று பார்த்தார். தியானம் செய்தால் போன திறன் வந்துவிடும் என்று எளிதாக உறுதி சொல்பவர்கள் இந்த ஒரு செய்தியைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அன்றிலிருந்து காரணமின்றிப் பந்தின் கட்டுப்பாடு தொலைவதை அமெரிக்கர்கள் ‘ஸ்டீவ் பிளாஸ் நோய்’ என்றே குறிப்பிடுகிறார்கள். பிளாஸ் தலைக்கனம் பிடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. வேடிக்கையாகப் பேசும் எளிய மனிதர் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

அறிந்த கையும் அறிய விரும்பும் மனமும்

சகஸ்ரநாமத்தை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டியிடம், நடுவில் ஒரு நாமத்தைக் குறிப்பிட்டு, ‘இதற்கு அடுத்தது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். திகைத்துவிடுவார். சில நாமங்கள் பின்னால் போய், அங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டே வந்தால்தான் அடுத்தது நாவில் வரும். அவருக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த அறிவு கேள்வி கேட்கும் மனத்திடம் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் நாவிடம் இருக்கிறது. வாசலில் இருபது புள்ளிக் கோலம் இடுபவளின் விரலும், மிருதங்கக்காரரின் கையும் அப்படியே. முதலில் மனம் கைக்குக் கற்பிக்கிறது. பல்லாயிரம் முறை செய்தபின் மனம் விலகிக்கொள்கிறது. கை தானே செய்கிறது. தேர்ச்சி என்பது பெரும்பாலும் இந்த விலகல்தான்.

அச்சமோ, பெரும் எதிர்பார்ப்போ, தொடர்ந்து இரண்டு தோல்விகளோ வரும்போது விலகிய மனம் திரும்பி வருகிறது. ‘விரல் எங்கே இருக்கிறது? மணிக்கட்டை எப்போது திருப்பினேன்?’ என்று விசாரிக்கத் தொடங்குகிறது. அந்த விசாரணையில் ஓட்டம் அறுபடுகிறது. 1992-இல் மாஸ்டர்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் பயிற்சியை வைத்து இதைச் சோதித்தார். ஒரு குழுவுக்கு எப்படித் தள்ள வேண்டும் என்ற விதிமுறைகள் எழுத்தில் தரப்பட்டன. இன்னொரு குழுவினர், எழுத்துகளைத் தாறுமாறாக உரக்கச் சொல்லிக்கொண்டே பழகினார்கள். அதனால் விதிகள் எவையும் மனத்தில் சேர வழியில்லை. பிறகு பண இழப்பும் பார்வையாளரின் மதிப்பீடும் சேர்ந்த நெருக்கடியில் இரு குழுவினரையும் ஆடச் செய்தபோது, விதி அறிந்தவர்கள் தடுமாறினார்கள்; விதி அறியாதவர்களின் கை தடையின்றி முன்னேறியது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தவறத் தொடங்கியவனுக்கு எல்லோரும் அறிவுரை தருகிறார்கள். தோளைத் தாழ்த்து, ஓட்டத்தைக் குறை, பிடியை மாற்று. ஒவ்வோர் அறிவுரையும் மனத்துக்கு விசாரிக்க இன்னும் ஒரு பொருளைக் கொடுக்கிறது. மருந்தே நோயை வளர்க்கிறது. அன்போடு தரப்பட்டாலும் அப்படித்தான். எல்லா நிகழ்ச்சிகளுக்கும் இதுவே விளக்கம் என்று கொள்ளவும் கூடாது. குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யும்போது மட்டும் தசைகள் இசைவு தவறும் நரம்புக் கோளாறு சிலருக்கு இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களிடம் மனத்தை அடக்கு என்று சொல்வது, கண்புரை கண்டவரிடம் கூர்ந்து பார் என்று சொல்வதை ஒக்கும்.

எந்த அணு, எப்போது?

அணுசக்தி நகரில் வளரும் பிள்ளைகளுக்கு அரை ஆயுள் என்ற சொல் மிகவும் பழகியது. கதிரியக்கப் பொருள் ஒன்றில் உள்ள அணுக்களில் பாதி இத்தனை காலத்தில் சிதையும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஒரு குறிப்பிட்ட அணு இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்று எவராலும் சொல்ல முடியாது. சிதைந்த அணு ஏதோ பிழை செய்தது என்று எந்த இயற்பியலாரும் சொல்வதில்லை.

விளையாட்டு வீரர்கள் அணுக்கள் அல்லர்; உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆயினும் கூட்டத்தைப் பற்றிய அறிவையும் தனி ஒருவரைப் பற்றிய தீர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதிருக்க இது உதவும். ஒருவரை நாம் எப்போது ‘நட்சத்திரம்’ என்று அழைக்கிறோம்? அவருடைய திறமையும், நல்வாய்ப்பும், எதிராளியின் அறியாமையும், ஆடுகளத்தின் ஒத்துழைப்பும் ஒன்றுகூடிய உச்சக் கணத்தில். அத்தனையும் மறுபடி கூடிவருவது அரிது. ஆகவே உச்சத்தில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து இறங்கத்தான் செய்வார்கள். அந்த இறக்கத்துக்குத் தனியாக ஒரு காரணம் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். புதிய வீடு, திருமணம், விளம்பரப் பணம். கிடைத்தது காரணமாகிவிடாது.

சூர்யகுமாரின் மூன்று சுழியங்களைப் பற்றிக் கேட்டபோது, அணித்தலைவர் ரோஹித் சர்மா, அந்தத் தொடரில் அவர் ஆடியதே மூன்று பந்துகள்தானே என்னும் பொருள்படப் பதில் சொன்னார். புள்ளியியல் படித்தவர் சொல்ல வேண்டிய பதில் அது. அதே ஆண்டு மே 12-ஆம் தேதி அதே வான்கடேயில், ஐ.பி.எல். ஆட்டத்தில், சூர்யகுமார் 49 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 103 ரன்கள் எடுத்தார். ஒருநாள் ஆட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கைகொடுக்கவில்லை. 2023 உலகக் கோப்பை இறுதியில் 28 பந்துகளில் 18 ரன்களோடு வெளியேறிய பின், அவ்வகை ஆட்டத்துக்கு அவரை மீண்டும் அழைக்கவில்லை.

இருவரில் ஒருவர்

மும்பையில் சரிவைப் பற்றிப் பேசும் எவரும் வினோத் காம்ப்ளியின் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில், பள்ளிகளுக்கு இடையேயான ஹாரிஸ் கேடயப் போட்டியில், சாரதாஸ்ரமம் வித்யாமந்திர் பள்ளிக்காக அவரும் சச்சின் டெண்டுல்கரும் பிரியாமல் 664 ரன்கள் சேர்த்தனர். காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326. இருவரும் சிவாஜி பூங்காவில் ராமாகாந்த் ஆச்ரேகரிடம் பயின்றவர்கள். 1993-இல் காம்ப்ளி வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக 224, டில்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227 என அடுத்தடுத்து இரட்டைச் சதங்கள் அடித்தார். 14 இன்னிங்ஸ்களில் 1000 டெஸ்ட் ரன்கள். 1994 இறுதியில் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்களின் எகிறும் பந்துகளுக்குத் தடுமாறினார். 1995 நவம்பரில் கடைசி டெஸ்ட், வயது 23.

குருவும் ஒருவர், களமும் ஒன்று, ஒருவர் கட்டுப்பாட்டால் உயர்ந்தார், மற்றவர் கட்டுப்பாடின்மையால் வீழ்ந்தார் என்று இதை ஒரு நீதிக்கதையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்வது மும்பையில் வழக்கமாகிவிட்டது. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி சிவாஜி பூங்காவில் ஆச்ரேகரின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, உடல்நலம் குன்றியிருந்த காம்ப்ளி தம் பழைய நண்பரின் கையைப் பற்றிக்கொண்ட காட்சி நாடெங்கும் பரவியது. அதன் கீழேயும் அந்த நீதிக்கதையையே எழுதினார்கள்.

இந்தக் கதையில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது. காம்ப்ளியின் டெஸ்ட் சராசரி 54.20. பல ஆண்டுகள் நிலைத்து ஆடிய இந்திய வீரர்களில் பலருக்கும் அது கிட்டவில்லை. எகிறும் பந்துக்குத் தடுமாறிய இளைஞர்கள் அவருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு; சிலருக்குத் திருத்திக்கொள்ள இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன, சிலருக்கு இல்லை. ஒழுக்கம் எதையும் மாற்றியிருக்காது என்பது வாதமன்று. அவருடைய பழக்கங்களைக் குறித்து அவரே பேசியிருக்கிறார். ஆனால் கோடியில் ஒருவரான டெண்டுல்கரை ஓர் அளவுகோலாக வைத்து, அதற்குக் குறைந்த அனைத்தையும் ஒழுக்கக்கேடு என்று கணக்கிட்டால், உலகில் டெண்டுல்கரைத் தவிர அனைவரும் குற்றவாளிகளே. தோளோடு தோள் நின்று 349 அடித்த சிறுவனை எச்சரிக்கைப் பலகையாக மட்டுமே அறிந்து வளரும் ஒரு பிள்ளை, நாளை தான் தவறும்போது தன்னையும் அப்படியே பார்த்துக்கொள்வான்.

ஐந்து காரணங்கள்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்களை எண்ணுகிறது: உடல், கர்த்தா, புலன்கள் முதலிய கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே செய்பவன் என்று காண்பவன் சரியாகக் காணாதவன் என்பது அங்கே கூறப்படும் முடிவு. வெற்றி பெற்றவனின் கர்வத்தை அடக்க மட்டுமே இதை நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம். தோற்றவனுக்கும் இது சமமாகப் பொருந்த வேண்டும். வான்கடேயின் 12 விக்கெட்டுகளுக்குச் சிவராமகிருஷ்ணன் ஒருவர் மட்டுமே காரணர் அல்லர் எனில், சேப்பாக்கத்தின் இரட்டைச் சதங்களுக்கும் அவர் ஒருவர் மட்டுமே காரணர் அல்லர். வெற்றியில் ஐந்து காரணங்களையும், தோல்வியில் ஒரே ஒரு காரணத்தையும் காண்பது தத்துவமாகாது.

2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஐ.பி.எல். பருவத்தில் சூர்யகுமார் மும்பை அணிக்காக 717 ரன்கள் எடுத்தார். ஓர் ஆட்டத்தில்கூட 25 ரன்களுக்குக் குறையவில்லை. அதே ஆண்டில், தாமே தலைமை தாங்கிய இந்திய அணிக்காக, அதே இருபது ஓவர் ஆட்டத்தில் 19 இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை 218 ரன்கள். ஓர் அரைசதமும் இல்லை. உடல் அதுவே, மட்டை அதுவே, முயற்சி குறையவில்லை. அந்தச் செப்டம்பரில் துபாயில் அவருடைய தலைமையில் இந்தியா ஆசியக் கோப்பையையும் வென்றது. கர்த்தாவின் தலைக்கனத்தை மட்டும் கொண்டு இந்த இரு கணக்குகளையும் ஒருங்கே விளக்கிக்காட்ட எவராலும் இயலாது.

சரிந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிளாஸ் தம் பழைய அணியின் ஆட்டங்களுக்கே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 2019 வரை வர்ணனை செய்தார். சிவராமகிருஷ்ணனும் வர்ணனையாளரானார், அதற்கு முன், 1987-88 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் அவர் இருந்தார். அமெரிக்காவின் ரிக் ஆன்கீல் வேறொரு வழியில் போனார். செயின்ட் லூயிஸ் அணியின் பந்தெறிபவரான அவர், 2000 அக்டோபர் 3-ஆம் தேதி, இருபத்தோரு வயதில், முக்கியமான ஓர் ஆட்டத்தின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை பந்தைப் பிடிப்பவருக்கு எட்டாமல் எறிந்தார். அதன்பின் அந்தக் கை அவருக்கு முழுவதும் திரும்பவில்லை. சில ஆண்டுகள் போராடிய பிறகு பந்தெறிவதையே விட்டுவிட்டு, கீழ்நிலை அணிகளுக்குச் சென்று, மட்டை பிடிக்கவும் எல்லைக்கோட்டருகே நின்று பந்து தடுக்கவும் புதிதாகப் பழகினார். 2007 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அதே செயின்ட் லூயிஸ் அணிக்கு மட்டையாளராகத் திரும்பி வந்து, அன்றே மூன்று ஓட்டங்கள் தரும் அடி ஒன்றை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் பெரிய அணிகளில் ஆடினார்.